ஏசி போட்ட டியூஷன் அறைக்கு நல்ல காற்று: அளப்பது, இழுப்பது, வடிகட்டுவது

மாடியில் ஓர் அறை. சுவரில் ஸ்பிளிட் ஏசி. குளிர் வீணாகக் கூடாதென்று இறுகச் சாத்திய ஜன்னல். உள்ளே 25 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும். இப்படி நடக்கும் டியூஷன் சென்டர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. மழைக்காலத்தில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் அடுத்த வாரம் பாதி பேட்ச் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இந்த ஏற்பாடே போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து விடுகிறது. வெளியே தொங்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் இடையில் ஓடுவது குளிர்வாயுக் குழாயும் வயரும் மட்டும்தான். சீலிங் ஃபேனும் அப்படியே. இருக்கும் காற்றைக் கலக்கும், புதுக் காற்று தராது.

கோவிட் பரவியதால் 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அதன் பிறகு ஆறடி இடைவெளி, கை கழுவுதல், மேசை துடைத்தல் என்று வரிசையாகக் கட்டுப்பாடுகள் வந்தன. மூடிய அறையில் மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதக்கும், ஆறடி தாண்டியும் போகும் என்பது மெதுவாகத்தான் ஏற்கப்பட்டது. 2021 மே மாதம் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரை, நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகலாம் என்று சொல்லி, ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் முன்னிறுத்தியது. இதற்கு எல்லோரும் சுட்டும் சம்பவம் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம். 2020 ஜனவரி 24 அன்று ஜன்னலற்ற ஏசி கூடத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று. பின்னர் அளந்து பார்த்தபோது அங்கே ஆளுக்கு வினாடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளிக்காற்று கிடைத்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அடைக்கப்பட்டிருந்தன. நமது டியூஷன் அறை இதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை.

பள்ளிகளுக்கு விதித்த கட்டுப்பாடுகள் எல்லாம் போய்விட்டன. சளி, இன்ஃப்ளூயன்ஸா, கோவிட், தட்டம்மை, காசநோய் எதுவும் போகவில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வழி காற்று. அதைச் சரிசெய்ய ஒரு மீட்டர், ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், கையால் செய்த ஒரு ஃபில்டர் பெட்டி போதும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

உதாரணத்துக்கு 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் தந்த வழிகாட்டுதல்படி ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. 26 பேருக்கு 260 லிட்டர். அதாவது மணிக்கு 936 கன மீட்டர். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2023-இல் சொன்னது வேறு கணக்கு: அறைக் காற்று மணிக்கு 5 தடவை மாற வேண்டும். நமது அறைக்கு அது 425 கன மீட்டர்தான்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 5 தடவை என்பது சாதாரண நெரிசலுள்ள அறைக்குப் பொருந்தும். ஒரு பெஞ்சில் நால்வர் உட்காரும் டியூஷன் அறையில் அதே 425 கன மீட்டர் ஆளுக்கு வினாடிக்கு நாலரை லிட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே சதுர அடியை விட்டுவிட்டுத் தலையை எண்ணுங்கள். ஆளுக்கு 10 லிட்டர் என்பதே நமது குறைந்தபட்ச இலக்கு. அதில் ஒரு பகுதியை வெளிக்காற்றாகவும் மீதியை வடிகட்டிய காற்றாகவும் தரலாம். அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே 2023-இல் கொண்டுவந்த 241-ஆம் எண் தரநிலை, தொற்றுப் பரவும் காலத்தில் வகுப்பறைக்கு ஆளுக்கு 20 லிட்டர் கேட்கிறது. அதில் வடிகட்டிய காற்றும் சேரும்.

அளக்கத் தொடங்குவது

நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வெளிக்காற்றில் சுமார் 420. ஆகவே அறையில் இந்த எண் ஏறுவது, பிறர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு நேரடிக் கணக்கு. மீட்டர் 1,220 காட்டினால் நீங்கள் இழுக்கும் மூச்சில் 50-இல் ஒரு பங்கு, யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. நமது அறையைச் சாத்தி ஏசி போட்டால் ஒரு மணி நேரத்தில் 4,000-ஐத் தொட்டுவிடும். அப்போது அந்தப் பங்கு 11-இல் ஒன்று.

மீட்டர் வாங்கும்போது உள்ளே என்ன சென்சார் என்று பாருங்கள். ‘என்டிஐஆர்’ (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும் முறை) என்று எழுதியிருக்க வேண்டும். சென்சீரியன் எஸ்சிடி 30, சென்ஸ்ஏர் எஸ் 8, வின்சென் எம்எச்-இசட் 19 போன்றவை இந்த வகை. மிக மலிவாக வரும் பல கருவிகள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள வேறு ஆவிகளைப் பார்த்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. சோதிப்பது எளிது. கையில் சானிடைசர் தேய்த்து மீட்டர் அருகில் வையுங்கள். எண் சரசரவென்று ஆயிரக்கணக்கில் ஏறினால் அது ஊகக் கருவி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டரை உட்கார்ந்திருப்பவர் மூக்கு உயரத்தில், யார் மூச்சும் நேராகப் படாதபடி ஒரு மீட்டராவது தள்ளி, ஜன்னலுக்கும் ஏசி காற்றுக்கும் எதிரில் இல்லாமல் வையுங்கள். வகுப்பு தொடங்கி முக்கால் மணி நேரத்தில் காட்டும் எண்ணைக் குறியுங்கள். எண் நின்ற இடத்தில் நிற்கிறதென்றால், அதில் 420-ஐக் கழித்து, வரும் எண்ணால் 5,000-ஐ வகுங்கள். ஆளுக்கு வினாடிக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்று வருகிறது என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 920 காட்டினால் 10 லிட்டர். 1,420 என்றால் 5. எண் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் உண்மை நிலை இந்தக் கணக்கைவிட மோசம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் ஜன்னல், கதவு, ஃபேன் எல்லாம் வகுப்பின்போது இருந்த அதே நிலையில் விட்டுவிட்டு, மீட்டரை மட்டும் உள்ளே வைத்து வெளியே வந்துவிடுங்கள். ஃபோன் ஆப் உள்ள மீட்டர் என்றால் வெளியிலிருந்தே பார்க்கலாம். 1,620-இலிருந்து 860-க்கு இறங்க எத்தனை நிமிடம்? 420-க்கு மேலிருந்த 1,200-இல் 37 சதவீதம் மிஞ்சும் கட்டம் அது. 60-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்று வரும். 12 நிமிடம் என்றால் 5 தடவை. 2 மணி நேரம் ஆனால் அரைத் தடவை; சாத்திய ஏசி அறைகளில் பார்க்கக்கூடிய எண் இதுதான்.

இந்த மீட்டர்கள் பெரும்பாலும், ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். ஒரே மூடிய அறையில் வாரக்கணக்கில் கிடந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வாரம் ஒரு முறை மொட்டை மாடியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன்: எங்கே, எப்படி

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்து இரண்டையும் திறக்க முடியுமானால் அதுவே முதல் வேலை; பணமும் ஆகாது. திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கொசு. டெங்கு வரும் ஊரில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. கொசுவலை அடித்துத் திறங்கள். ஆனால் வலையில் தூசு படிந்துவிட்டால் பார்ப்பதற்குத் திறந்த ஜன்னல், உண்மையில் பாதிச் சுவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் திறப்பு உள்ள அறைக்கும் ஏசி அறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். 12 அங்குல ஃபேன், பெட்டியில் மணிக்கு 1,200 கன மீட்டர் அளவுக்கு அச்சிட்டிருப்பது, நமது அறைக்குச் சரி. அந்த எண் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. ஷட்டர், வலை, கதவிடுக்கு எல்லாம் சேர்ந்தால் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கு வையுங்கள்: 600. சமையலறைக்கு வாங்கும் 6 அங்குல பிளாஸ்டிக் ஃபேன் இந்த வேலைக்கு ஆகாது.

வைக்கும் இடம்தான் முக்கியம். காற்று உள்ளே வரும் வழிக்கு எதிர்க்கோடியில், சுவரின் மேல்பகுதியில் ஃபேன் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் வென்டிலேட்டர் துவாரம் இருந்தால் அதுவே தோது. கதவுக்கு மேலேயே ஃபேனைப் பொருத்திவிட்டு அந்தக் கதவையே திறந்து வைத்தால், வந்த காற்று வந்த வழியே போய்விடும். கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் வராது. கிழக்குக் கடற்கரை ஊர்களில் பிற்பகல் முதல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். மாலை பேட்ச் நடக்கும் அறையில் ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் கடற்காற்றும் சேர்ந்து தள்ளும். கிழக்கில் வைத்தால் ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

காற்று வெளியே போக வேண்டுமானால் அதே அளவு உள்ளே வர வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் போட்டால் சத்தம்தான் வரும். கதவை 10 செ.மீ. திறந்து நிறுத்தி வையுங்கள், 2.1 மீட்டர் உயரக் கதவில் அது 0.21 சதுர மீட்டர் வழி, நமது ஃபேனுக்குப் போதும். அந்த இடுக்கில் ஒரு துண்டு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். உள்நோக்கி நன்றாகச் சாய வேண்டும். அறையோடு ஒட்டிய கழிவறை இருந்தால் அதன் கதவைச் சாத்தி வையுங்கள், இல்லையென்றால் ஃபேன் அந்தக் காற்றைத்தான் வகுப்புக்குள் இழுக்கும். கதவுக்கு வெளியே ஜெனரேட்டர் நின்றாலும் அதே கதைதான். ஃபேன் தள்ளும் காற்று பக்கத்து வகுப்புக்கோ நடைபாதைக்கோ போகக் கூடாது. நேராக வெட்டவெளிக்குப் போக வேண்டும்.

ஓரிரு வருடம் ஓடிய ஃபேன்களில் அடிக்கடி காணும் பழுது, வெளிப்பக்க ஷட்டர் இறகுகள் தூசும் ஒட்டடையும் பிடித்துத் திறக்காமல் நிற்பது. ஃபேன் சுற்றுவது உள்ளிருந்து தெரியும், ஷட்டர் மூடியிருப்பது தெரியாது. வெளியே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த 600 கன மீட்டரில் 26 பேர் உட்கார்ந்தால் மீட்டர் 1,200-ஐ ஒட்டி நிற்கும். ஆளுக்கு ஆறு லிட்டர் சொச்சம். 4,000-இலிருந்து இங்கே வந்தது பெரிய மாற்றம்தான், ஆனால் இலக்கு இன்னும் எட்டவில்லை.

ஏசியோடு சேரும் சிக்கல்

ஏப்ரல், மே மாதங்களில் எக்ஸாஸ்டை முழுதாக ஓட்டினால் ஏசி திணறும். கற்பனைப் புகார் இல்லை, கணக்கே அப்படி. சென்னை போன்ற ஊரில் 35 டிகிரி வெக்கையும் கடலோர ஈரமும் சேர்ந்த காற்றை மணிக்கு 600 கன மீட்டர் உள்ளே விட்டு 26 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறக்குறைய ஒன்றரை டன் ஏசியின் வேலை கூடுதலாகத் தேவை. வெக்கையைவிட ஈரத்தை உலர்த்துவதற்கே பெரும்பகுதி செலவாகும். ஏசியின் வாய்க்கு அருகிலேயே ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த பாகத்தில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். திறப்பு எப்போதும் ஏசிக்கு எதிர்ப்பக்கம்.

ஆகவே கோடையில் வேறு முறை. ஏசியை 26-இல் வைத்து சீலிங் ஃபேனையும் ஓட்டுங்கள். வகுப்பு நடக்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலில் 5 செ.மீ. இடுக்கு எப்போதும் திறந்திருக்கட்டும். 45 நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை 10 நிமிடம் வெளியே அனுப்பி, கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து எக்ஸாஸ்டைப் போடுங்கள். சுவரும் மேசையும் குளிர்ந்தே இருப்பதால் சாத்தியதும் அறை சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். மீதிக் காற்றைத் தர வேண்டியது ஃபில்டர். மூன்று டன் ஏசி போடுவதைவிட, ஒரு சில பல்பு அளவு கரண்டில் ஓடும் பெட்டி மேல்.

ஃபில்டர் பெட்டி செய்வது

2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்சி என்ற பொறியியல் பேராசிரியர் யோசனை சொல்ல, ஃபில்டர் நிறுவனம் நடத்தும் ஜிம் ரோசன்தால் செய்து காட்டிய பெட்டி இது. நான்கு ஃபில்டர்களைச் சதுரமாக நிறுத்தி, மேலே ஒரு ஃபேன். கார்சி–ரோசன்தால் பெட்டி என்றே பெயர். அங்கே எடுத்த அளவுகளில் மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் சுத்தக் காற்று தந்திருக்கிறது. அவர்கள் போட்ட சதுர பாக்ஸ் ஃபேன் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் எக்ஸாஸ்ட் ஃபேன் நன்றாகவே பொருந்தும்.

தேவை: 20 அங்குலச் சதுரமும் 2 அங்குலத் தடிமனும் உள்ள மடிப்பு ஃபில்டர் நான்கு, தரம் மெர்வ் 13 (ஃபில்டர் எவ்வளவு நுண்துகளைப் பிடிக்கும் என்பதற்கான அமெரிக்கத் தர எண்). நம்மூரில் அதற்கு இணையாக எஃப் 7 என்று கேட்டால் புரியும். ஏசி டக்ட் வேலைக்கும் மருந்து ஆலைகளுக்கும் ஃபில்டர் செய்பவர்கள் அளவு சொன்னால் அடித்துத் தருவார்கள். மடிப்பில்லாத வெறும் பஞ்சு ஃபில்டர் வேண்டாம், அது தூசுக்குத்தான். 22 அங்குலச் சதுர ப்ளைவுட் இரண்டு: மேலே 12 மி.மீ., கீழே 6 மி.மீ. 15 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், 900 ஆர்பிஎம். 1,400 ஆர்பிஎம் வாங்கினால் இரைச்சலில் பாடம் கேட்காது. அலுமினிய ஃபாயில் டேப் இரண்டு சுருள், ஃபேனுக்கு இருபுறக் கம்பி வலை, அடியில் சக்கரம் நான்கு.

ஃபில்டர் சட்டத்தில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். நான்கிலும் அம்பு பெட்டியின் உள்பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரின் ஒரு ஓரம் அடுத்ததன் முகத்தில் முட்டுமாறு காற்றாடி இறகுபோல் சுற்றி நிறுத்தினால் வெளி அளவு சரியாக 22 அங்குலம் வரும். மடிப்புகள் செங்குத்தாக நிற்கட்டும். மூலைகளை மேலிருந்து கீழ் வரை டேப்பால் ஒட்டி, அடிப்பலகையில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுங்கள். மேல்பலகையில் ஃபேன் வளையத்தின் அளவுக்கு வட்டம் வெட்டி, காற்று மேல்நோக்கி வீசுமாறு ஃபேனைப் போல்ட் போட்டு முடுக்கி, வளையத்தைச் சுற்றியும் டேப் போடுங்கள். பிரவுன் டேப் நம் புழுக்கத்தில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். வலையில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம், பிள்ளைகள் விரலை விடுவார்கள். வயரிங்கை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம்.

ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை மூலைகளிலும் பலகை ஓரங்களிலும் மெதுவாக நகர்த்துங்கள். ஃபில்டரின் முகத்தில் புகை பரவலாக உள்ளே போவது சரி. ஓரத்தில் ஒரே புள்ளியில் கயிறு இழுத்ததுபோல் உள்ளே பாய்ந்தால் அங்கே ஓட்டை. வடிகட்டாத காற்று அதன் வழியே போய்வரும். அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நான்கு பக்கமும் காற்று நுழைவதால் பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, அறையின் நடுவோரத்தில் வையுங்கள். தடையெல்லாம் போக மணிக்கு 800 கன மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்டின் 600-உம் சேர்ந்தால் 1,400. ஆளுக்கு வினாடிக்கு 15 லிட்டர். ஒன்றை மறக்க வேண்டாம்: ஃபில்டர் கார்பன் டை ஆக்சைடை எடுக்காது. பெட்டி ஓடினாலும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். பெட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

செய்ய நேரமில்லாதவர்கள் கடையில் ஹெப்பா (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஃபில்டர்) பியூரிஃபையர் வாங்கலாம். ‘500 சதுர அடிக்குப் போதும்’ என்ற விளம்பரத்தை விட்டு, சிஏடிஆர் எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதை மட்டும் பாருங்கள். அதுவும் முழு வேகத்தில் அளந்தது. சத்தம் பிடிக்காமல் ஸ்லீப் மோடில் ஓட்டினால் அதில் சிறு பகுதிதான் கிடைக்கும். 300 சிஏடிஆர் கருவி நமது அறைக்கு மூன்று வேண்டும். டேபிள் ஃபேனில் ஒரு ஹெப்பா ஃபில்டரைக் கட்டி ஓட்டுவது பலன் குறைவு. அந்த ஃபேனுக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது, காற்று ஓரத்தில் வழிந்து திரும்பிவிடும்.

வாங்கக் கூடாதவை: அயனி வீசும் கருவி, ஓசோன் கருவி. ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், ஆஸ்துமா பிள்ளைகளுக்கு ஆபத்து. சாம்பிராணிப் புகை போட்டால் கிருமி போகும் என்பதற்காக மூடிய அறையில் போட வேண்டாம். புகையின் துகள் நுரையீரலுக்கும் கேடு, ஃபில்டரையும் சீக்கிரம் அடைக்கும். மேசைகளுக்கு நடுவே 2020-இல் வைத்த பிளாஸ்டிக் தடுப்புகள் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை காற்றோட்டத்தை மறித்து, தேங்கிய மூலைகளை உண்டாக்குகின்றன.

பேட்ச் நேரமும் பராமரிப்பும்

தொற்று என்பது காற்றிலுள்ள கிருமியின் அளவும் உட்கார்ந்திருக்கும் நேரமும் சேர்ந்த கணக்கு. காய்ச்சல் பரவும் வாரங்களில் இரண்டு மணி நேர வகுப்பை இரண்டாகப் பிரித்து இடையில் அறையைத் திறந்துவிடுவது, 26 பேரை 13 ஆக்குவதற்கு அடுத்தபடி நல்லது. மணிக்கு 5 தடவை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகளில் 95 சதவீதம் வெளியேற 36 நிமிடம் ஆகும். எக்ஸாஸ்டும் பெட்டியும் சேர்ந்தால் நமது அறையில் மணிக்கு 16 தடவைக்குச் சமம்; அதே அளவு 11 நிமிடத்தில் போய்விடும். எனவே ஒரு பேட்ச் வெளியேறி அடுத்தது நுழைய 15 நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் எதையும் அணைக்காதீர்கள். ஆள் போனதும் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம்தான் இதில் பெரிய எதிரி. ஸ்விட்சுக்கு மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இருமும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியாத நாளில் நல்ல என்95 மாஸ்க் ஒன்று கொடுத்து, எக்ஸாஸ்டுக்கு அருகில் உட்கார வையுங்கள். அங்கிருந்து காற்று மற்றவர்கள் பக்கம் திரும்பாமல் வெளியே போகும்.

போகி காலையிலும் தீபாவளி இரவிலும் வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட மோசமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் ஜன்னலைக் குறைத்து, பெட்டியை முழுதாக நம்புங்கள்.

பெட்டியின் ஃபில்டரைக் கழுவக் கூடாது. அதன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் தண்ணீரில் போய்விடும். பார்க்கச் சுத்தமாகத் தெரியும், நுண்துகளைப் பிடிக்காது. வெளிமுகத்தில் படியும் தூசை மாதம் ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். வருடம் ஒரு முறை மாற்றுங்கள். மெயின் ரோட்டு ஓர அறை என்றால் ஆறேழு மாதத்தில். மாற்றும்போது மாஸ்க் போட்டு, பழையதைப் பையில் கட்டி எறிந்து, புதியதன் ஓரங்களில் மறுபடி டேப் போட்டு, ஊதுபத்திச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள்.